‘மங்க்’ தொடரில் ஏட்ரியன் மங்க்கைச் சம்பளமின்றி நேசித்தவர் யார்?

வடகரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் யுஎஸ்ஏ நெட்வொர்க் தொலைக்காட்சியில் 2002 ஜூலை முதல் 2009 டிசம்பர் வரை எட்டு சீசன்களாக ஒளிபரப்பான ‘மங்க்’ துப்பறியும் தொடரின் 125 அத்தியாயங்களையும் இப்போதுதான் வரிசையாகப் பார்த்து முடித்தேன். முன்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்தபோது, கொலையாளி எந்த இடத்தில் சறுக்கினான் என்பதிலேயே என் கவனம் நின்றுவிட்டது. தொடர்ச்சியாகப் பார்க்கும்போது கொலை முடிச்சுகள் பின்னுக்குப் போய், மங்க்கைச் சுற்றி நிற்கும் மனிதர்கள் அவருடன் ஏன் நிற்கிறார்கள் என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. கடைசி அத்தியாயம் வரை பேச வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் இந்த இழையை இப்போதைக்குத் தவிர்த்துவிடலாம்.

தொடரைப் பார்க்காமலே விவாதத்தில் கலந்துகொள்ள விரும்புவோருக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏட்ரியன் மங்க் சான் பிரான்சிஸ்கோ காவல்துறையில் துப்பறிவாளராக இருந்தவர். 1997 டிசம்பரில் அவருடைய மனைவி ட்ரூடி, வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்றில் கார் வெடிகுண்டுக்குப் பலியாகிறார். அதுவரை ஓரளவு அடங்கியிருந்த மங்க்கின் எண்ணச் சுழற்சி நோயும் (ஓசிடி) அச்சங்களும் அத்துடன் கரைபுரள்கின்றன; வேலை பறிபோகிறது; மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. ஷரோனா ஃபிளெமிங் என்ற செவிலியின் துணையோடு மெல்ல வெளியே வந்து, அதே காவல்துறைக்கு ஆலோசகராகப் பணிபுரியத் தொடங்குவதிலிருந்து கதை ஆரம்பிக்கிறது.

இனி என் கேள்வி. மங்க்கின் வாழ்க்கையில் இருக்கும் ஒவ்வொருவரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தால், ஏறத்தாழ எல்லோருமே ஏதோ ஒரு கைம்மாறுக்காக அங்கே இருக்கிறார்கள். ஷரோனாவும், அவருக்குப் பின் வந்த நேட்டலி டீகரும் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தச் சம்பளமும் ஒழுங்காக வருவதில்லை என்பது தொடர் நெடுகிலும் ஓடும் நகைச்சுவை. மனநல மருத்துவர் சார்லஸ் குரோகர் கட்டணம் பெற்றுக்கொண்டுதான் அவர் பேச்சைக் கேட்கிறார். கேப்டன் லீலண்ட் ஸ்டாட்டில்மையருக்கோ துலங்காத வழக்குகள் துலங்க வேண்டும். எதையும் எதிர்பாராமல் மங்க்கை நேசித்த ஒரே உயிர் ட்ரூடி. அவரும் முதல் அத்தியாயம் தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். அப்படியானால், ஒருவனைச் சகித்துக்கொள்ள மற்றவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற கசப்பான செய்தியைத்தான் இந்தத் தொடர் சிரிப்பில் பொதிந்து தருகிறதா? என் பார்வை அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பகல்பணி எழுதியது:

வடகரை அவர்களுக்கு வணக்கம். நான் செவிலியாகப் பணிபுரிகிறேன். ஆகவே தங்கள் கேள்வியின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அவர்மேல் பாசம் இருக்காது என்றோ, இருந்தால் அது இரண்டாம்தரப் பாசம் என்றோ கருதுவது, எங்கள் தொழிலை வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இயல்பாக வரும் எண்ணம். உள்ளே இருப்பவர்களுக்குச் சம்பளம் என்பது ஓர் எல்லைக்கோடு. அந்தக் கோடு இருப்பதால்தான் நோயாளியிடம் ‘இதை நீங்களே செய்யுங்கள், நான் செய்து தரமாட்டேன்’ என்று சொல்ல முடிகிறது. சொந்தக்காரர்களால் பெரும்பாலும் அப்படிச் சொல்ல முடிவதில்லை, இரக்கம் தடுத்துவிடும்.

ஷரோனாவின் கடுமையை இந்தக் கண்கொண்டு பாருங்கள். யாரோடாவது கைகுலுக்கிய மறுகணமே மங்க் கையை நீட்ட, ஷரோனா ஈரத்துடைப்பானை எடுத்துக் கொடுக்கும் காட்சி தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே ஷரோனாதான் அவரை அதட்டுகிறார், கேலி செய்கிறார், பொறுமை இழந்தால் வேலையை விட்டுவிடுவதாக மிரட்டுகிறார், தேவைப்படும்போது கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டத்துக்குள் தள்ளுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மனிதரைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அவர். அதை மென்மையால் மட்டும் சாதித்திருக்க முடியாது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

மங்க்கின் பக்கத்திலிருந்து வரும் பதில்மரியாதையையும் தாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே, கொலையாளியிடம் ஷரோனா சிக்கிக்கொண்டபோது, கிருமி என்ற நினைப்புக்கே நடுங்கும் மங்க் நிலத்தடிக் கழிவுநீர்ப் பாதைக்குள் இறங்குகிறார். மூன்றாவது சீசனில், இரத்தம் வழியும் ஒரு மனிதனைத் திரும்பத் திரும்பக் கண்டு தன் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஷரோனா அஞ்சும் அத்தியாயம் ஒன்று உண்டு. அங்கே இருவரின் இடமும் தலைகீழாக மாறி, பார்த்துக்கொள்ளப்பட்டவர் பார்த்துக்கொள்பவராகிறார். அது ஒரு கொலைத்திட்டத்துக்காக அரங்கேற்றப்பட்ட நாடகம் என்று மங்க் கண்டுபிடித்துத் தருவது வெறும் வழக்குத் தீர்வு அன்று. ‘உன் மனம் நலமாகத்தான் இருக்கிறது’ என்று அவருக்கு அத்தாட்சி அளிக்கும் செயல் அது. மனநோயின் அவமானத்தை நன்கறிந்த ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது என்ன இருக்கிறது?

எனக்குள்ள ஒரே வருத்தம், மூன்றாவது சீசனின் பாதியில் ஷரோனா விடைபெறாமலே காணாமற்போனதுதான். முன்னாள் கணவர் டிரெவரை மீண்டும் மணந்துகொண்டு நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார் என்று வாய்வார்த்தையாக நமக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அத்தனை ஆண்டு உறவுக்கு ஒரு பிரிவுக் காட்சிகூட எழுதப்படவில்லை என்பது கதையாசிரியர்கள் செய்த அநியாயம்.

கீழைக்கடல் எழுதியது:

பகல்பணி அவர்கள் ஷரோனாவுக்காக வாதாடியதை ரசித்துப் படித்தேன். ஆயினும், ஷரோனா போனதால் தொடர் இழந்ததைவிட நேட்டலி வந்ததால் பெற்றது அதிகம் என்பது என் நிலைப்பாடு. வடகரை அவர்களின் கேள்விக்கும் விடை நேட்டலியிடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நேட்டலி அறிமுகமாகும் அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்குள் அடுத்தடுத்து ஆட்கள் புகுகிறார்கள். தற்காப்புக்காக ஒருவனைக் கத்தரிக்கோலால் குத்திக் கொன்றும் விடுகிறார். திருடர்கள் தேடியது மகளின் மீன் தொட்டிக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த, நிலவிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்லை என்பது வழக்கின் முடிச்சு. எனக்கு அந்த முடிச்சைவிட முக்கியமாகப் பட்டது மீன்தான். தொட்டியில் இருக்கும் மீன் செத்துப்போகும் போதெல்லாம், மகள் ஜூலிக்குத் தெரியாமல் அதே மாதிரி இன்னொரு மீனை வாங்கி விட்டுவிடுவது நேட்டலியின் வழக்கம். அவருடைய கணவர் மிட்ச் கடற்படை விமானி, கொசோவோவில் இறந்தவர். தந்தையை இழந்த பிள்ளை இன்னொரு சாவைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு தாய் நடத்தும் இந்தச் சிறு மோசடியும், ட்ரூடி வாழ்ந்தபோது இருந்தபடியே வீட்டில் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும் என்று மங்க் பிடிக்கும் பிடிவாதமும் ஒரே துக்கத்தின் இரண்டு வடிவங்கள். மங்க்குக்கு ஷரோனா நோயைத் தெரிந்தவர். நேட்டலி இழப்பைத் தெரிந்தவர். இருவருக்கும் உள்ள வேறுபாட்டை எழுதியவர்கள் முதல் அத்தியாயத்திலேயே நாட்டிவிட்டார்கள்.

சம்பள விவகாரத்தை இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். நான்காவது சீசனில் நேட்டலியின் தம்பி திருமணத்துக்காக எல்லோரும் போகிறார்கள். அங்கேதான் அவர் டேவன்போர்ட் என்ற பெரும் பற்பசைச் செல்வந்தக் குடும்பத்துப் பெண் என்பது நமக்குத் தெரியவருகிறது. அதாவது, பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பணக்கவலை தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவர் மங்க்கிடம் காசோலைக்காக மாதந்தோறும் மல்லுக்கு நிற்கிறார் என்றால், அந்த வேலையை விடாததற்குக் காரணம் பணமாக இருக்க முடியுமா? தன் உழைப்பில் நிற்கிறேன் என்ற தன்மானத்துக்குச் சம்பளம் அடையாளம். மங்க்கிடம் இருப்பதற்குக் காரணம் வேறு.

ஷரோனா அவரை ‘ஏட்ரியன்’ என்று பெயர் சொல்லி அழைப்பார். நேட்டலியோ கடைசி வரை ‘மிஸ்டர் மங்க்’ என்றே அழைப்பார். மேலோட்டமாகப் பார்த்தால் ஷரோனாதான் நெருக்கமானவர் என்று தோன்றும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உலகம் முழுவதும் ஒரு மாதிரியாகப் பார்க்கும் மனிதரை, தினமும் அவருக்கு உணவையும் குடிநீரையும் ஒழுங்குபடுத்தித் தரும் ஒருவர், ஒரு நாளும் மரியாதை குறையாமல் அழைக்கிறார் என்பது சாதாரணமானதில்லை. இருவருக்கும் இடையே காதலைப் புகுத்தாமல் கடைசி வரை எழுதியதற்காகவும் இந்தத் தொடரின் ஆசிரியர் குழுவைப் பாராட்ட வேண்டும். ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து துப்பறிந்தால் நான்காவது சீசனுக்குள் முத்தமிட்டாக வேண்டும் என்பது அந்நாளைய தொலைக்காட்சியில் எழுதப்படாத சட்டமாக இருந்தது.

மூன்றாம்சாட்சி எழுதியது:

ஷரோனாவா நேட்டலியா என்ற பட்டிமன்றம் இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் நடக்கிறது. இருவருமே சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் என்பதால், வடகரை அவர்கள் எழுப்பிய ஐயத்தை இந்த ஒப்பீட்டால் முழுதாகத் தீர்க்க முடியாது. தொடரின் நடுத்தூண் கேப்டன் ஸ்டாட்டில்மையருக்கும் மங்க்குக்கும் இடையிலான நட்பு என்பது என் துணிபு. ‘வழக்குகள் துலங்க வேண்டும்’ என்று ஒரே வரியில் அவரைக் கடந்துபோனது சரியன்று.

முதல் அத்தியாயத்தில் அவர் மங்க்கை வரவேற்கவே இல்லை. தன்னுடைய வழக்குக்குள் வெளியாள் ஒருவர் நுழைவதை எரிச்சலோடு பார்க்கும் அதிகாரியாகவே டெட் லெவின் அந்தப் பாத்திரத்தை ஏற்று நடிக்கிறார். நிர்வாகத்துக்கும் மங்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர், தன் படை வீரனின் மூளையைக் கண்டு வியக்கிறவர், அதே மூளைமுன் தான் சிறுத்துப்போவதையும் உணர்கிறவர். ஒருவர்மேல் இருக்கும் பொறாமையை ஒப்புக்கொண்டு, அதைத் தாண்டி அவருக்கு நண்பராவது எளிதான காரியமில்லை. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் வரும் காவல் அதிகாரி லெஸ்டிரேடின் வார்ப்பில்தான் இவரைத் தொடக்கத்தில் செய்திருக்கிறார்கள். இரண்டாவது சீசனிலேயே அந்த வார்ப்பு உடைந்துவிடுகிறது.

உடைக்கும் அத்தியாயம், கேப்டனின் மனைவி கேரன் விபத்தில் சிக்கி நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் அத்தியாயம். கேப்டன் வெறிபிடித்தவரைப் போல் குற்றவாளியைத் தேடுகிறார். அந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியுள்ள ஒரே மனிதர் மங்க். ஏனென்றால் அந்த நாற்காலியில் முன்பு அமர்ந்தவர் அவர்தான். தன் மனைவி பிழைக்கவில்லை, நண்பனின் மனைவியாவது பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு, மங்க்காக நடிக்கும் டோனி ஷலூப் முகத்தில் வசனமே இல்லாமல் தெரியும். கேரன் பிழைத்துக்கொள்கிறார். பின்னர் நான்காவது சீசனில் அந்த மணவாழ்க்கை விவாகரத்தில் முடிவது வேறு கதை. கொலையால் பிரிவதற்கும் கசப்பால் பிரிவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அதுவும் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்து ஆறாவது சீசன். கேப்டன் மனம்விட்டு நேசிக்கும் லிண்டா ஃபஸ்கோ என்ற வீடு விற்பனை முகவர்தான் கொலையாளி என்று மங்க் உணர்ந்துகொள்கிறார். வாழ்க்கையில் தமக்கென இருக்கும் மிகச் சில நண்பர்களில் ஒருவரை இழக்க நேரிடும் என்று தெரிந்தே அதைச் சொல்கிறார். கேப்டன் கொதிக்கிறார், மறுக்கிறார், பிறகு உண்மை அவரையும் எட்டுகிறது. ஆதாயக் கணக்குப் பார்க்கும் உறவாக இருந்திருந்தால், அந்த ஒரு வழக்கை மங்க் வாய்திறக்காமல் விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு கேப்டனும் அவரை வாசலோடு அனுப்பியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

அதே சீசனின் முடிவில் வரும் இரண்டு பாகக் கதை எல்லாவற்றுக்கும் உச்சம். ட்ரூடியின் கொலையில் தொடர்புள்ள ஆறு விரல் மனிதனைக் கொன்றதாக மங்க்மேல் பொய்ப்பழி விழுகிறது. அவரைத் துரத்திச் செல்லும் கேப்டன் கடலோரப் பாலத்தில் வைத்துச் சுட, அவர் நீருக்குள் விழுகிறார். இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட நாடகம் அது என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது. தன் உத்தியோகம், ஓய்வூதியம், சிறை எல்லாவற்றையும் பணயம் வைத்துக் கேப்டன் அதைச் செய்கிறார். மங்க்கோ, வீட்டுக் கதவின் பூட்டைக்கூடத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து நிம்மதியடையாதவர். தன் உயிரை இன்னொருவர் கையில் இருக்கும் துப்பாக்கிமுன் வைக்கிறார். கையுறை போட்டுக்கொண்டும் கதவுக் கைப்பிடியைத் தொடத் தயங்குகிறவரின் நம்பிக்கைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வடகரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கேப்டனைப் பற்றி மூன்றாம்சாட்சி அவர்கள் எழுதியதைப் படித்தபின், அவரை ஒரு வரியில் முடித்தது போதாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் உச்சம் என்று குறிப்பிட்ட அதே கதையில் என்னை உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. மங்க் உயிரோடு இருப்பதை நேட்டலியிடம் சொல்லவில்லை. தன் கணவரைப் போரில் இழந்து, அந்த இழப்பின் வழியாகவே மங்க்கைப் புரிந்துகொண்டவர் என்று கீழைக்கடல் அவர்கள் அழகாக விளக்கிய அதே பெண், இரண்டாவது முறையாகத் தன் வாழ்க்கையில் ஒரு மனிதரை இழந்து அழுகிறார். ஆண்கள் இருவரும் அதைத் தெரிந்தே அனுமதிக்கிறார்கள். ரகசியம் வெளியே கசியக்கூடாது என்ற தர்க்கம் எனக்கும் புரிகிறது. ஆயினும் நெருக்கடி வந்தபோது, நம்பத்தக்கவர்களின் வட்டம் இரண்டே பேருக்குள் சுருங்கியது. சம்பளம் வாங்குகிறவர் வட்டத்துக்கு வெளியே நின்றார்.

கூலி, கைம்மாறு எதுவும் இல்லாத உறவு என்று தேடினால் உடன்பிறந்தவர் ஆம்ப்ரோஸ் ஞாபகத்துக்கு வருகிறார். அவரைப் பற்றி யாரும் பேசவில்லையே? முதல் சீசனில் அவர் கண்ணில் படுவதே இல்லை. அதுவே எனக்கு ஒரு புதிராக இருந்தது.

தெற்குவாசல் எழுதியது:

ஆம்ப்ரோஸைப் பற்றி எழுத வேண்டும் என்றே இந்த இழைக்குள் வந்தேன். இரண்டாவது சீசனில் ஜான் டர்டூரோ நடிப்பில் முதன்முதலாக அவர் வருகிறார். அந்த நடிப்புக்காக 2004ஆம் ஆண்டு அவருக்கு எம்மி விருது கிடைத்தது. மங்க்கைவிடக் கூரிய அறிவு, மங்க்கைவிடக் கடுமையான அச்சம். பல பத்தாண்டுகளாக வீட்டு வாசலைத் தாண்டாதவர். கருவிகளுக்கான பயன்பாட்டுக் கையேடுகளை எழுதிப் பிழைக்கிறார். சீன உணவு வாங்கப் போய்விட்டுத் திரும்பி வராத தந்தையை எதிர்பார்த்து, அவர் பெயருக்கு வரும் கடிதங்களை அடுக்கி அடுக்கிக் காத்துக்கொண்டிருக்கிறார்.

சகோதரர்கள் இருவரும் ஏழு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. ட்ரூடி இறந்தபோது ஆம்ப்ரோஸ் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது மங்க்கின் மனத்தாங்கல். உண்மைக் காரணம் வெளிப்படும் காட்சியை இந்தத் தொடரின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றாக வைப்பேன். ட்ரூடி அன்று காரை எடுத்துக்கொண்டு போனது ஆம்ப்ரோஸுக்கு இருமல் மருந்து வாங்கித் தருவதற்காக. தன் பொருட்டுத்தான் அவர் செத்தார் என்ற குற்றவுணர்ச்சியில் அவருக்குத் தம்பி முகத்தில் விழிக்கத் துணிவில்லை. சண்டையோ சொத்துத் தகராறோ இல்லாமல், வெட்கத்தால் மட்டும் ஏழு ஆண்டுகள் அறுந்து கிடந்த உறவு அது. நம் குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோன எத்தனையோ வீடுகளில் உண்மைக் காரணம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆகவே வடகரை அவர்களே, கைம்மாறு இல்லாத உறவு என்பதாலேயே அது உறுதியாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை. சம்பளம் வாங்கிய ஷரோனா ட்ரூடிக்குப் பிந்தைய இருண்ட காலத்தில் மங்க்கின் பக்கத்தில் இருந்தார். இரத்த உறவு இல்லை.

இன்னொரு பெயரையும் நான் முன்வைக்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். ஹரால்ட் கிரென்ஷா. குரோகரின் மற்றொரு நோயாளி. மங்க்குக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மருத்துவரின் அன்பை யார் அதிகம் பெறுவது என்று இருவரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் போல அடித்துக்கொள்வார்கள். ஐந்தாவது சீசனில் தன் துப்புரவுப் பணிப்பெண் கொல்லப்பட்டபின் குரோகர் தொழிலைவிட்டு ஓய்வுபெறப் போவதாக அறிவிக்கும்போது, இருவரும் ஒரே மாதிரி நிலைகுலைந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். மங்க்கின் வேதனை எப்படிப்பட்டது என்று அந்தத் தொடரில் அச்சுப்பிசகாமல் தெரிந்த ஒரே ஆள் ஹரால்ட்தான். பகைமைக்கும் அதுவேதான் காரணம். குரோகராக நடித்த ஸ்டான்லி கேமல் 2008 ஏப்ரலில் மாரடைப்பால் காலமானபோது, கதையிலும் அந்த மருத்துவர் மாரடைப்பால் இறந்ததாகவே எழுதினார்கள். ஏழாவது சீசனின் தொடக்கத்தில் ஹெக்டர் எலிசாண்டோ நடித்த மருத்துவர் நெவின் பெல் வந்துசேர்ந்ததும், அவருடைய பெயர் ஹரால்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மங்க் படும் பாடு வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் உண்மையான ஒரு நடிகரின் மரணமும் இருக்கிறது என்பதால், எனக்கு அந்த அத்தியாயத்தை இலேசாகப் பார்க்க முடிந்ததில்லை.

கடைசி சீசனில், தனி ஆலோசனைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட, மங்க் வேறுவழியின்றி ஹரால்ட் இருக்கும் குழுச் சிகிச்சைக்குப் போகிறார். இருவரையும் ஒரே காரின் பின்பெட்டிக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடைபட்ட இடமென்றால் மூச்சே நின்றுவிடும் இரண்டு மனிதர்கள், ஒருவருக்கொருவர் பேசிப் பேசியே அந்த இருட்டைக் கடக்கிறார்கள். மருத்துவர் இல்லை, உதவியாளர் இல்லை, கட்டணம் இல்லை. அத்தனை ஆண்டுப் பகையும் அங்கே கரைந்து போகிறது.

கீழைக்கடல் எழுதியது:

ஹரால்டை முன்வைத்ததை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். நேட்டலி வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்று வடகரை அவர்கள் எழுப்பிய கேள்விக்கு மட்டும் ஒரு சொல்: அவரிடம் சொல்லாததற்குக் காரணம் அவநம்பிக்கை அன்று, அவருடைய துக்கம் உண்மையாகத் தெரிந்தால்தான் எதிரிகள் நம்புவார்கள் என்பதுதான் திட்டம். அதாவது, ஊரறிய மங்க்குக்காக அழக்கூடியவர் நேட்டலி என்று கேப்டனுக்கும் மங்க்குக்கும் சந்தேகமின்றித் தெரிந்திருக்கிறது. அவர்கள் செய்தது கொடுமைதான், அதை மறுக்கவில்லை. கேப்டனின் வலக்கையான ராண்டி டிஷரிடமும் சொல்லவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் நகரத்துக்கே தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பகல்பணி எழுதியது:

ராண்டியைத் தொட்டுவிட்டதால் நானும் மீண்டும் வருகிறேன். முதல் சீசனிலிருந்தே ராண்டிக்கும் ஷரோனாவுக்கும் இடையே நடந்த சண்டைக்குள் ஒரு விருப்பம் ஒளிந்திருந்தது. எட்டாவது சீசனில், தம் மாமன் இறந்ததையொட்டி ஷரோனா திரும்பி வரும் அத்தியாயத்தில் அது வெளிப்பட்டு, தொடரின் முடிவில் ராண்டி நியூ ஜெர்சியின் சம்மிட் ஊருக்குக் காவல்துறைத் தலைவராகப் போய் அவரோடு சேர்வதில் நிறைகிறது. அதே அத்தியாயத்தில் ஷரோனாவும் நேட்டலியும் முதன்முறையாக ஒரே அறையில் நிற்கிறார்கள். மங்க்கை எப்படி நடத்த வேண்டும் என்று இருவரும் மோதிக்கொள்வதையும், பிறகு ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்குவதையும் பார்த்தபோது, பணிமாற்ற நேரத்தில் இரண்டு செவிலியர் பேசிக்கொள்ளும் தொனி அப்படியே இருந்தது எனக்கு. முன்னவர் பழக்கியதைப் பின்னவர் கெடுத்துவிட்டார் என்ற சந்தேகம் எங்கள் தொழிலில் நிரந்தரமானது.

வடகரை அவர்களின் ‘சம்பளமின்றி’ என்ற நிபந்தனையை விடாப்பிடியாக வைத்துக்கொண்டால், எனக்கு எஞ்சுவது மாலி எவன்ஸ் என்ற பெயர்தான். 2009 டிசம்பர் 4 அன்று ஒளிபரப்பான இறுதிப் பாகத்தில், நஞ்சூட்டப்பட்டுச் சாகும் நிலையில் இருக்கும் மங்க், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிரிக்காமல் வைத்திருந்த ட்ரூடியின் கிறிஸ்துமஸ் பரிசைத் திறக்கிறார். உள்ளே இருந்த ஒளிநாடாவில், தன்னை மணப்பதற்கு முன் ட்ரூடிக்கு ஈத்தன் ரிக்கோவருடன் இருந்த உறவும், அதில் பிறந்து இறந்துவிட்டதாக அவர் நம்பிய குழந்தையும் தெரியவருகின்றன. பின்னாளில் நீதிபதியான ரிக்கோவரே கொலையாளி. குழந்தை இறக்கவில்லை, வளர்ந்து செய்தித்தாள் ஒன்றில் திரைப்பட விமர்சகராக இருக்கிறாள். மங்க்குக்கு அவள் இரத்த உறவு இல்லை. தன் மனைவியைக் கொன்றவனின் மகளும்கூட. அவளுக்கு மங்க்கால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் அவரை ஏற்றுக்கொள்கிறாள். துப்பறிவதை நிறுத்திவிடப் போவதாகச் சொல்பவரைத் தொடரச் செய்வதும் அவள்தான்.

மூன்றாம்சாட்சி எழுதியது:

மாலியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அவளைப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நமக்குக் காட்டவில்லை. அவள் ஒரு பாத்திரம் என்பதைவிட மங்க்குக்குக் கதையாசிரியர்கள் அளித்த வெகுமதி என்றே தோன்றிற்று. 2023 டிசம்பரில் பீகாக் தளத்தில் வெளியான மறுவருகைத் திரைப்படம் அந்தக் குறையை ஓரளவு போக்கியது. அதில் மங்க் மீண்டும் சோர்ந்து, வாழவே விருப்பமின்றி ட்ரூடியின் உருவத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். மாலியின் திருமணத்துக்கு முன்பு அவளுடைய மணமகன் இறக்க, அந்த வழக்கை அவளுக்காக ஏற்றுக்கொள்கிறார். பழைய ஆட்கள் ஆளுக்கொரு வழியில் போய்விட்டவர்கள். நேட்டலிக்கு இப்போது மங்க்கிடமிருந்து சம்பளமில்லை, ஸ்டாட்டில்மையருக்கு மங்க் தீர்த்துத் தர வேண்டிய வழக்கில்லை. ஷரோனாவைத் தவிர எல்லோரும் வருகிறார்கள். வடகரை அவர்கள் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லையென்றால், இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நேட்டலி அங்கேயும் அவரை ‘மிஸ்டர் மங்க்’ என்றுதான் அழைக்கிறார்.